மூன்று போத்தலும் ஒரு சாறனும்

புது வகுப்பு தொடங்குகிற காலத்தில் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், பன்னிரண்டு கலர்ப் பெட்டியா, இருபத்திநாலு கலர்ப் பெட்டியா வாங்கிற?" அக்கரைப்பற்றில் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை சித்திரம் படிப்பிக்கிறவன் நான். என் பதிலைக் கேட்டால் பகிடி பண்ணுகிறேன் என்றுதான் முதலில் நினைப்பார்கள். பெட்டியே வேண்டாம். போஸ்டர் கலரில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று போத்தல், கூட ஒரு பெரிய வெள்ளை. கறுப்பு வாங்கவே வேண்டாம். நாலு பிள்ளைகள் காசு போட்டு ஒரு செட் எடுத்தாலும் காணும்.

சிக்கனமும் இதில் உண்டு, மறைப்பானேன். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்த நாடு இது. அந்த வருடம் கலர்ப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு கடைப்படி இறங்கிய வாப்பாமார் எத்தனையோ பேர். ஆனால் நான் மூன்று போத்தலில் நிற்பதற்குக் காரணம் வேறு. பெட்டிக்குள் பச்சை ஆயத்தமாக இருந்தால் பிள்ளை அதை எடுத்து மரத்துக்குப் பூசிவிடும். தென்னைக்கும் அதே பச்சை, வேம்புக்கும் அதே பச்சை, வயலுக்கும் அதே. அந்தப் பச்சை எப்படி வந்தது என்று யோசிக்க அதற்கு ஒரு தேவையும் இல்லை.

பாடப்புத்தகம் நிறச்சக்கரத்தில் தொடங்கும். வட்டத்தைக் கவராயத்தால் கீறி, பிரித்து, பெயர் எழுதி, நிறம் தீட்டச் சொல்லும். பிள்ளைகள் அழகாகச் செய்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள். அடுத்த வாரம் "கொஞ்சம் வாடின இலைக்கு என்ன கலர் போடுவாய்?" என்று கேட்டால் முழிப்பார்கள். என் வகுப்பில் சக்கரம் கடைசியாகத்தான் வரும். அதற்குள் அதைப் பிள்ளைகளே பாதி கண்டுபிடித்திருப்பார்கள்.

முதல் வேலை பச்சை. வெள்ளை ஐஸ்கிரீம் மூடி, பழைய யோகட் கப், தண்ணீர், ஒரு கந்தல் துணி. முதலில் மஞ்சளை எடு, தூரிகை நுனியில் நீலத்தைத் தொட்டுத் தொட்டுச் சேர். நீலத்துக்குள் மஞ்சளை ஊற்றினால் போத்தல் முடிந்துவிடும், பச்சை வராது. நீலம் அவ்வளவு வேகமான நிறம். சொன்னாலும் ஒரு மேசையாவது மாற்றிச் செய்து பார்க்கும். செய்யட்டும், அடுத்த முறை அந்த மேசைதான் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும்.

பிறகு இலைகள். வீட்டிலிருந்தோ வரும் வழியிலோ ஆளுக்கு ஒன்று பறித்துவரச் சொல்வேன். மா, வாழை, வேம்பு, கறிவேப்பிலை, நெற்தாள். இலையைக் கடதாசியில் ஒட்டி, பக்கத்தில் அதே நிறத்தைக் கலந்து பூச வேண்டும். பூசியது இலையோடு கலந்து மறைய வேண்டும், அதுதான் போட்டி. மஞ்சளும் நீலமும் மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் மாவிலையைப் பிடிக்க முடியாது. கலவை பளிச்சென்று பிளாஸ்ரிக் பச்சையாக நிற்கும். யாராவது ஒருவர் கழுவாத தூரிகையோடு, அதில் ஒட்டியிருந்த சிவப்போடு கலந்துவிடுவார். திடீரென்று மாவிலை வந்துவிடும். பச்சையின் கண்கூசலை அடக்குவது சிவப்பு. சக்கரத்தில் பச்சைக்கு நேரெதிரே சிவப்பு இருப்பது எதற்கென்று அந்த நிமிடத்தில் விளங்கிவிடுகிறது, சக்கரத்தை அவர்கள் இன்னும் பார்க்காவிட்டாலும்.

நெற்தாளைக் கொண்டுவருகிற பிள்ளைக்கு நான் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுப்பேன். எங்கள் ஊருக்கு மேற்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைத்தால் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு. அந்த நாலு மாதத்தில் ஒரு வயல் எத்தனை பச்சையைக் கடக்கிறது என்று விவசாயி வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். முளையின் மஞ்சட்பச்சை, குடலைப் பருவத்தின் கரும்பச்சை, பிறகு மெல்ல வெளிறி வைக்கோல் நிறம். இதை அளக்கவே ஒரு கருவி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை நிற அட்டை. மஞ்சட்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நாலு பட்டைகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் துண்டு, அவ்வளவுதான். நெல்லின் இலையை அதன்மேல் வைத்து எந்தப் பட்டையோடு ஒக்கிறது என்று பார்த்து, யூரியா போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். இலையில் நைதரசன் குறைந்தால் பச்சை வெளிறும். எங்கள் பிள்ளைகள் அந்த அட்டையைத் தாங்களே கலந்து செய்வார்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய பிறகு வந்த பெரும்போகத்தில் வயல் எந்தப் பட்டையில் நின்றது என்று ஒருமுறை கேட்டேன். கேட்டு முடிக்க முன்னமே ஒரு பையன் முதல் பட்டையில் விரலை வைத்துவிட்டான். அவன் வாப்பா விவசாயி.

அடுத்தது ஊதா. இங்கேதான் எல்லோரும் தடக்குப்படுவார்கள். "சேர், ஊதா வரல்ல சேர், சேறுதான் வருகிது." புத்தகம் சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்கிறது. போத்தலோ இல்லை என்கிறது. பிள்ளை தன் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொள்ளும். பிழை கையில் இல்லை. கடையில் கிடைக்கும் போஸ்டர் சிவப்பு பெரும்பாலும் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது, அதாவது அதற்குள் கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலமும் பச்சைப் பக்கம் சாய்ந்ததாக இருந்தால் அதற்குள்ளும் மஞ்சள். ஊதாவுக்கு எதிரி மஞ்சள். இரண்டு பக்கமும் எதிரியை வைத்துக்கொண்டு ஊதா எப்படி வரும்? கடும் ரோஸ் ஒன்றை எடுத்து நீலத்தோடு கலந்து பாருங்கள், நாவற்பழ நிறம் உடனே வரும்.

இதை அச்சுக்காரர்கள் எப்போதோ தெரிந்துகொண்டார்கள். ஜேக்கப் கிறிஸ்டோஃப் லெ ப்ளோன் என்ற ஜேர்மன்காரர் 1720களில் லண்டனில் மூன்று தகடுகளை வைத்து வர்ணப் படம் அச்சடித்துக் காட்டினார். இன்றைக்கு கொமியுனிகேஷன் கடையில் கலர்ப் பிரின்ட் எடுக்கும் இயந்திரத்துக்குள் சிவப்பு மையும் இல்லை, சாதாரண நீல மையும் இல்லை. இருப்பது மெஜென்டா, சியான், மஞ்சள், கறுப்பு. பிள்ளைகளிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பத்திரிகையின் வர்ணப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தக்காளிக் கூடை ரோஸ் புள்ளியும் மஞ்சள் புள்ளியுமாகப் பிரிந்து கிடக்கும். இந்த ஒரு விஷயத்தைப் பாடப்புத்தகம் திருத்திக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். மூன்று முதல் நிறங்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பரீட்சைக்கு எழுதட்டும். கலப்பதற்கு ரோஸ் போத்தல் ஒன்று கூட இருக்கட்டும். என்னுடைய மூன்று போத்தல் இந்த இடத்தில் நாலாகிவிடுகிறது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழும்பும். "சயன்ஸ் டீச்சர் ஏழு கலரும் சேர்ந்தா வெள்ள எண்டாங்க. நீங்க எல்லாம் சேர்ந்தா மண்ணிறம் எண்டுறீங்க. ஆரு சரி?" இருவரும் சரி என்று சொல்லிவிட்டு இருந்தால் அது பதில் இல்லை. காட்ட வேண்டும். என் ஃபோனின் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். சொட்டு வில்லையாக நின்று திரையைப் பெருப்பித்துக் காட்டும். வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலமாகக் குட்டிக் குட்டி விளக்குகள். மஞ்சட் பக்கத்தைத் திறந்தால் நீல விளக்குகள் அணைந்து சிவப்பும் பச்சையும் மட்டும் எரியும். அங்கே மஞ்சள் என்று ஒரு விளக்கே கிடையாது. ஒளியோடு ஒளி சேர்ந்தால் கண்ணுக்குள் வருவது கூடும். சாயத்தோடு சாயம் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒளியைத் தின்றுவிடும், கண்ணுக்கு மிஞ்சுவது குறையும். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் ஏழு நிறத்தையும் வட்டமாக வளைத்து வைத்தது ஒளியைப் பற்றிப் பேச. சித்திரக்காரர்கள் அந்த வட்டத்தை எடுத்துச் சாயத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். குழப்பம் அன்றைக்கே தொடங்கியது, எட்டாம் வகுப்பில் அது முடிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

எனக்கு மிகப் பிடித்த பாடம் இனித்தான். அதற்குக் கலரே வேண்டாம், ஒரு சாறன் போதும்.

கல்முனைக்குப் பக்கத்து மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். மருதமுனைச் சாறன் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து பழைய கைத்தறிச் சாறன் கொண்டுவரச் சொல்வேன். கட்டம் போட்டதாக இருந்தால் நல்லது. துணியைப் பக்கத்தில் வைத்துப் பார், பிறகு வகுப்பின் பின்சுவரிலிருந்து பார். பக்கத்தில் இருக்கும்போது சிவப்புப் பாவும் நீல ஊடையும் தனித்தனி நூலாகத் தெரியும். தூரப் போனால் இரண்டும் ஒன்றாகி ஊதாவாக நிற்கும். கலக்காமலே கலப்பு. மயில்கழுத்து நிறச் சேலையின் வித்தையும் இதுதான்.

அடுத்து, ஒரே கறுப்பு நூல் நீலப் பட்டைக்குப் பக்கத்தில் எப்படித் தெரிகிறது, மஞ்சட் பட்டைக்குப் பக்கத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கச் சொல்வேன். இது பிரான்ஸில் ஒரு பெரிய முறைப்பாட்டையே கிளப்பிய விஷயம். பாரிஸில் கோபெலான் என்ற அரச நெசவுச்சாலை இருந்தது. 1824இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற இரசாயனவியலாளர் வந்தார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டப் போடும் கறுப்பு நூலில் சாயம் பிடிக்கவில்லை, கறுப்பு வெளிறிக் கிடக்கிறது என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். செவ்ரல் வேறு இடங்களில் சாயமிட்ட கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பைக் கெடுத்தது பக்கத்தில் இருந்த நீலம். ஒரு நிறத்தின் பக்கத்தில் இருக்கும் பொருளின்மேல் கண் அந்த நிறத்தின் எதிர் நிறத்தைக் கொஞ்சம் பூசிவிடுகிறது. நீலத்தருகே கறுப்பில் லேசான செம்மஞ்சள் ஏறும், கறுப்பு துருப்பிடித்ததாகத் தெரியும். இதை விரித்து அவர் 1839இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார்.

செவ்ரலின் கதையை வகுப்பில் சொன்னால், மருதமுனையில் உறவினர் இருக்கும் பிள்ளைகள் "எங்கட சாச்சாக்கும் இது தெரியும் சேர்" என்பார்கள். தெரிந்துதான் இருக்கும். தறியில் இருக்கிறவர் எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எந்தப் பட்டையைப் போடுவது என்று கையாலேயே அறிவார். அதற்கு ஒரு விதி எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

இதைக் கையால் செய்ய ஒரு வழி பாய். பன்னைக் கிழித்துக் காயவைத்து, சாயத்தில் அவித்து, கலர்ப் பட்டையோடு பாய் இழைக்கிற மூத்தம்மாமார் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பில் பன் கொண்டுவர முடியாது, கடதாசிக் கீலங்கள் போதும். சாம்பல் நிறக் கீலம் எல்லோருக்கும் ஒரே தாளில் வெட்டியது. ஒரு மேசை அதைச் சிவப்போடு இழைக்கும், இன்னொரு மேசை பச்சையோடு, இன்னொன்று மஞ்சளோடு. முடிந்ததும் எல்லாப் பாயையும் சுவரில் மாட்டுவோம். சிவப்புக்குள் இருக்கும் சாம்பல் பச்சை அடிக்கும், பச்சைக்குள் இருப்பது ரோஸ் அடிக்கும். "அவங்களுக்கு வேற கலர்க் கடதாசி குடுத்திரிக்கீங்க" என்று சண்டை வரும். மிஞ்சிய கீலத்தை எடுத்து இரண்டிலும் வைத்துக் காட்டினால்தான் அடங்குவார்கள். ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்திலும் பிறகு அமெரிக்காவிலும் படிப்பித்தவர். தூரிகையை ஒதுக்கிவிட்டுக் கலர்க் கடதாசியை வெட்டி வைத்தே மாணவர்களைப் பழக்கினார், 1963இல் அதைப் புத்தகமாக்கினார். அவருடைய பயிற்சிக்குப் பன்பாய் மிக நெருங்கின உறவு என்பதை நான் என் பாட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

சில உம்மாமாருக்கு இந்தப் பாடங்கள் மேல் ஒரு கோபம் உண்டு. பள்ளிக்கூட உடுப்பு வெள்ளை. போஸ்டர் கலர் சவர்க்காரத்தில் போய்விடும், மஞ்சள் போகாது. மஞ்சள் என்றால் கறி மஞ்சள். இதையும் வகுப்பில் பிழிந்து பார்த்தாயிற்று. மஞ்சட் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கடதாசியில் பூசி, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் அந்த இடம் சிவந்துவிடும். ஆலையடிவேம்புப் பக்கத்துப் பிள்ளைகள் "ஆலாத்தித் தண்ணி" என்று உடனே சொல்வார்கள். தேசிக்காய் பிழிந்தால் திரும்பவும் மஞ்சளாகும். செவ்வரத்தைச் சாறு புளியில் சிவக்கும், சுண்ணாம்பில் பச்சையாகும். பெருநாள் முடிந்த வாரம் என்றால் இன்னும் வசதி. பெண் பிள்ளைகளின் கையில் மருதோன்றி இருக்கும். ஒரே நாளில் பூசின மருதோன்றி உள்ளங்கையில் ஒரு நிறம், புறங்கையில் ஒரு நிறம், தோலுக்குத் தோல் ஒரு நிறம். அதைப் பார்த்துக் கலந்து பூசுவது சுலபமான வேலை இல்லை. உருவம் வரைவதில் தயக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் இந்த வேலைகளில் முன்னுக்கு நிற்பார்கள். நிறத்துக்குக் கண்ணும் மூக்கும் வேண்டியதில்லை.

நான் ஒதுக்கிவிடுகிற ஒரு பகுதி உண்டு. சிவப்பு கோபம், நீலம் அமைதி, வெள்ளை தூய்மை என்ற பட்டியல். எங்கள் ஊரில் வெள்ளை மணவறைக்கும் வரும், கபனுக்கும் வரும், பள்ளிக்கூட உடுப்புக்கும் வரும். பரீட்சைக்கு வேண்டுமென்றால் பாடமாக்கட்டும், நான் நேரம் செலவழிப்பதில்லை. சூடான நிறம், குளிர்ந்த நிறம் என்பதை மட்டும் வைத்துக்கொள்வேன், அதுவும் இரண்டு நீலத்தைப் பக்கத்தில் வைத்து எது சூடு என்று கேட்பதற்கு.

சுதந்திர தினத்துக்குக் கொடி தீட்டும்போது ஒரு சின்ன வேடிக்கை நடக்கும். எங்கள் கொடியில் தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை, சுற்றிவர மஞ்சள் விளிம்பு. ஆயத்தக் கலர் இல்லாமல் கலந்து தீட்டச் சொன்னால், இரண்டு பட்டைக்கும் மஞ்சளைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்வார்கள். நான் அதற்கு வியாக்கியானம் சொல்லப் போவதில்லை.

இப்படிச் செய்து பார்க்கிற சித்திர வகுப்பு நான் கொண்டுவந்த புதினம் இல்லை. 1920களில் இலங்கைக் கல்வித் திணைக்களத்தில் சித்திரப் பரிசோதகராக இருந்த சி. எஃப். வின்சரும், அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங்கும் இந்த நாட்டின் பள்ளிச் சித்திரத்தைப் புதுப் பக்கம் திருப்பியவர்கள். 1943இல் கொழும்பில் உருவான '43 குழு என்ற ஓவியர் அமைப்பில் பீலிங்கும் ஒருவர். ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளை, தண்ணீர்க் குழாய் இல்லாத வகுப்பறை, நாற்பது பிள்ளைகள் என்று வரும்போது நிறச்சக்கரத்தைக் கரும்பலகையில் கீறிவிட்டுப் போவதுதான் எந்த ஆசிரியருக்கும் லேசு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு பாடவேளையைச் சேர்த்துத் தரும்படி அதிபரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக ஒன்று, இதைச் சித்திர ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். இலை ஒட்டும் பாடத்தில் எப்போதாவது ஒரு பையன் பச்சை இலைக்குப் பக்கத்தில் மண்ணிறத்தைப் பூசி, "ஒக்கிது சேர்" என்று சத்தியம் பண்ணுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனை ஏசாதீர்கள், கவனமில்லை என்று எழுதாதீர்கள். அவனுக்கு உண்மையில் அது ஒக்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துணர்வதில் உள்ள இந்தக் குறை பெரும்பாலும் பிறவியில் வருவது, தாய்வழியாகக் கடந்து ஆண் பிள்ளைகளிடம் அதிகம் தெரிவது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, ஆசியர்களில் அதைவிடக் குறைவு. ஆங்கிலேய இரசாயனவியலாளர் ஜோன் டோல்டன் தனக்கே அது இருப்பதை 1794இல் எழுதினார். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளித் தட்டுகளை வைத்துத்தான் இன்றும் சோதிக்கிறார்கள்.

போத்தல்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள், அவனுக்கு அது போதும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குச் சாம்பல் படிகள் கலக்கும் பயிற்சியில் அவனை முன்னுக்கு விடுங்கள், அங்கே அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை. வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒருமுறை கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். இங்கே கப்பல் வேலை, விமானப்படை, ரயில் சாரதி என்று கனவு காண்கிற பையன்கள் நிறையப் பேர். அந்த வேலைகளுக்கு நிறப் பார்வைச் சோதனை உண்டு. பதினெட்டு வயதில் நேர்முகப் பரீட்சையில் போய் அதை முதன்முதலாகத் தெரிந்துகொள்வதைவிட, பதின்மூன்று வயதில் ஒரு மாவிலையை வைத்துத் தெரிந்துகொண்டால் வேறு வழி யோசிக்க ஐந்து வருடம் இருக்கும்.